எந்த ஊரில் குடியேறுவது?

“செலவு குறைந்த ஊர் ஒன்று சொல்லுங்கள், அங்கே போய்ப் புதிதாக வாழ்க்கையைத் தொடங்கலாம் என்றிருக்கிறோம்” என்று நம்மிடம் கேட்கும் அன்பர்கள் வரவர அதிகமாகி வருகின்றனர். உத்தியோகம் போனவர் ஒருவர். வியாபாரத்தில் கைப்பொருளை இழந்தவர் மற்றொருவர். கணவனை இழந்து இரு குழந்தைகளுடன் நிற்கும் மாதரசி வேறொருவர். இவர்கள் எல்லோரும் சென்னையில் வாடகை கொடுத்துக் குடியிருப்பவர்கள். எல்லோருடைய கேள்வியும் ஒன்றே. ஆனால் எல்லோருக்கும் ஒரே விடை சொல்வதற்கில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

மலிவான ஊர் என்றதும் நம்மவர் முதலில் பார்ப்பது வீட்டு வாடகை. அதில் தவறில்லை. சர்க்காரே ஊர்களை அவ்வாறுதான் தரம் பிரித்திருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டில், மத்திய அரசு ஊழியர்க்கு வீட்டு வாடகைப் படியாகச் சென்னை போன்ற பெருநகரங்களில் அடிப்படைச் சம்பளத்தில் 24 சதவீதமும், கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய இரண்டாம் வகுப்பு நகரங்களில் 16 சதவீதமும், ஏனைய ஊர்களில் 8 சதவீதமும் விதிக்கப்பட்டன. ரூ.40,000 அடிப்படைச் சம்பளம் பெறுவோருக்கு இவை முறையே ரூ.9,600, ரூ.6,400, ரூ.3,200 ஆகும். பெருநகருக்கும் அடுத்த நகருக்கும் உள்ள தாரதம்மியத்தை இதிலிருந்து ஒருவாறு ஊகித்துக் கொள்ளலாம்.

ஆனால் வாடகை மட்டுமே குடும்பக் கணக்கு ஆகாது. ஓர் உதாரணம் வைத்துக் கொள்வோம். சென்னையில் மாதம் ரூ.45,000 சம்பாதிக்கும் குடும்பஸ்தர் வாடகைக்கு ரூ.18,000-மும், போக்குவரத்துக்கு ரூ.4,000-மும் செலவிடுகிறார், மீதி ரூ.23,000. சிறிய நகருக்குப் போனால் வாடகை ரூ.9,000, போக்குவரத்து ரூ.2,500 என்று ஆகிறது. ஆனால் அவருடைய தொழிலுக்கு அங்கே கிடைக்கும் சம்பளம் ரூ.32,000-தான். மீதி ரூ.20,500. வாடகை பாதியாயிற்று என்று மகிழ்ந்தவர், உண்மையில் மாதந்தோறும் ரூ.2,500 நஷ்டமடைகிறார்! அதே ஊருக்கு, அதே செலவுடன், ரூ.45,000 ஓய்வூதியம் பெறும் பெரியவர் போனால் அவருக்கு மாதம் ரூ.10,500 மிச்சம். ஊர் ஒன்றுதான், ஒருவருக்கு மலிவு, மற்றவருக்குக் கிராக்கி. ஆகையால் “எந்த ஊர் மலிவு?” என்று கேட்பதற்கு முன், “எந்த ஊரில் நமது தொழில் விலை போகும்?” என்று கேட்பதே விவேகம்.

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டு நகரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சுபாவம் உண்டு. கோயம்புத்தூரில் 1888-ல் முதல் நூற்பாலை எழுந்தது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. அவற்றைத் தொடர்ந்து பம்புகளும் மோட்டார்களும் செய்யும் பட்டறைகள் தோன்றின. கைத்தொழில் தெரிந்தவனுக்கு அங்கே இடம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வெயிலின் கொடுமையையும் தணிக்கிறது. இத்தகைய சௌகரியங்களைப் பலரும் விரும்புவதால் அங்கே வாடகையும் ஏறித்தான் இருக்கும். திருச்சிராப்பள்ளிக்கு 1928-ல் வந்த பொன்மலை ரயில்வே பட்டறையும், 1965-ல் திருவெறும்பூரில் தொடங்கிய கொதிகலன் தொழிற்சாலையும் மதிப்பைத் தேடித் தந்தன. கல்லூரிகளும் அவ்வூரில் பல. சென்னையிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர் தூரம். காலையில் புறப்பட்டுப் பிற்பகலுக்குள் சேர்ந்துவிடலாம். மதுரையில் 2004 முதல் உயர்நீதிமன்றக் கிளை இயங்குகிறது. வழக்கறிஞர், குமாஸ்தா, எழுத்து வேலை தெரிந்தோர் ஆகியோருக்கு அது ஒரு வழி. பெரிய அரசு மருத்துவமனையும் அங்கே உண்டு. சேலத்தில் நெசவு, வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி என்று சிறு தொழில்கள் பல. இவற்றில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று தராசு பிடிப்பது நமது நோக்கமன்று. குடியேறுவோர் தம் கைத்தொழிலையும் ஊரின் சுபாவத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும் என்பதே கருத்து.

அடுத்தது தண்ணீர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். லாரித் தண்ணீருக்குக் கொடுக்கும் பணமும் வாடகைதான் என்பதை அந்த ஆண்டு பலருக்கும் கற்பித்தது. திருச்சிக்குக் காவிரியும் கொள்ளிடமும், சேலத்துக்கு மேட்டூரும், மதுரைக்கு வைகையும், கோயம்புத்தூருக்குச் சிறுவாணியும் பில்லூரும் நீர் தருகின்றன. எனினும் ஊருக்கு ஆறு இருப்பது வேறு, நீங்கள் குடிபோகும் தெருவுக்குக் குழாய் இருப்பது வேறு. வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட, பக்கத்து வீட்டு அம்மாளிடம் “சித்திரை மாதத்தில் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது?” என்று கேட்டால் உண்மை விளங்கிவிடும்.

இனி, நாம் பள்ளியில் பணிபுரிபவர் ஆனதால் அழுத்திச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆண்டின் நடுவே மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் தந்தைமார் வருகிறார்கள். தந்தை தம் கஷ்டத்தைச் சொல்லிக் கொண்டிருப்பார். அருகில் நிற்கும் சிறுமி ஒன்றும் பேசாமல் சுவரில் மாட்டியிருக்கும் தேசப்படத்தைப் பார்த்துக் கொண்டிருப்பாள். குடும்பத்தின் கடன் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது; நாளை முதல் தோழிகள் இல்லை என்பது மட்டும் தெரியும். வீடு மாறும் செலவில் மிகப் பெரியது இதுவே; இது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

ஆகவே பெற்றோருக்கு நமது வேண்டுகோள்: கூடுமானவரை மே மாதத்தில் மாறுங்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பிள்ளையை இடம் பெயர்க்க வேண்டாம். ஓராண்டு பொறுக்க முடியுமாயின் பொறுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்குச் சென்னையிலும் சேலத்திலும் பாடநூல் ஒன்றே என்பது பெரிய ஆறுதல். வேறு மாநிலத்துக்குப் போவதானால் மொழியும் பாடத்திட்டமும் மாறும் என்பதை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். தவிரவும், 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாற்றிக்கொள்ளப் பிள்ளைக்கு உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கலாகாது. இதை அறியாமல் அலைந்து வாடும் குடும்பங்கள் பல.

புதிய ஊரில் எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாமல் வீடு எடுக்க வேண்டாம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் வற்புறுத்துகிறது. அந்த ஒப்பந்தமே பிறகு எரிவாயு இணைப்பு, குடும்ப அட்டை, வங்கி ஆகியவற்றில் முகவரியை மாற்றிக் கொள்ள உதவும். வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றுவதற்குப் படிவம் 8-ஐ நிரப்பித் தருவதையும் மறக்கலாகாது. குடியேறிய ஊரில் வாக்கில்லாதவன் அவ்வூருக்கு என்றும் விருந்தாளிதான்.

சட்டென்று மூட்டை கட்டுவதைக் காட்டிலும், குடும்பத்தில் ஒருவர் முதலில் சென்று ஒரு மாதம் தங்கிப் பார்ப்பது உத்தமம். வெயில் நாளில் ஒரு வாரம், மழை நாளில் ஒரு வாரம் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பள்ளிக்கூடம், மார்க்கெட், மருத்துவமனை, பஸ் நிலையம் ஆகிய நான்கையும் வீட்டிலிருந்து நடந்தோ பஸ்ஸிலோ சென்றடையக் கூடுமா என்று தாமே போய்ப் பார்க்க வேண்டும். வீட்டில் முதியோர் இருந்தால், அவர் தினமும் உண்ணும் மருந்து அங்கே கிடைக்கிறதா, இரவில் வைத்தியர் வருவாரா என்பதையும் விசாரித்துக் கொள்ள வேண்டும். வந்து குடியேறிய பின்னும் ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இருப்பது நலம்.

இறுதியாக ஒன்று. கடன்காரருக்கு அஞ்சி இரவோடிரவாக ஊரை விட்டுப் போவோர், புதிய ஊரிலும் வாசற்கதவு தட்டப்படும்போதெல்லாம் திடுக்கிட்டுக் கொண்டே வாழ்வார்கள். அது புது வாழ்வு ஆகாது. கடன்காரரிடம் புதிய முகவரியைச் சொல்லி, மாதம் இவ்வளவு தருகிறேன் என்று தவணை பேசிவிட்டுப் புறப்படுபவர் ரூ.500 குறைவாகச் சாப்பிட்டாலும் நிம்மதியாக உறங்குவார். அப்படிப்பட்ட குடும்பத்துக்குத் திருச்சியும் நல்ல ஊர், சேலமும் நல்ல ஊர். வரும் மே மாதத்தில் குடிபெயர எண்ணும் நேயர்கள் இன்றிரவே ஒரு தாளை எடுத்து, இப்பொழுதைய வரவுசெலவை ஒரு பக்கத்திலும், போகும் ஊரின் வரவுசெலவை மறு பக்கத்திலும் எழுதிப் பார்ப்பார்களாக. வீட்டு அம்மாளையும், விவரம் தெரிந்த பிள்ளைகளையும் அருகில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுவது இன்னும் விசேஷம்.