பள்ளி நெட்வொர்க்கின் மடை: மேலாண்மை வசதியுள்ள கிகாபிட் சுவிட்ச்

உயர்தொழில்நுட்ப ஆய்வகம், திறன்மிகு வகுப்பறைத் திரை, எமிஸ் பதிவுக்கான அலுவலகக் கணினி, கண்காணிப்புக் கேமரா எனப் பல கருவிகள் இன்று அரசுப் பள்ளிகளில் ஒரே இணைய இணைப்பில் வந்து சேர்கின்றன. இவற்றை ஒன்றோடொன்று இணைப்பது, சுவரோரப் பெட்டியில் சிறு விளக்குகள் மினுங்க இருக்கும் நெட்வொர்க் சுவிட்ச். இணையவழித் தேர்வு நாளில் இருபது கணினிகளும் ஒருசேர நின்றால், குறை இணைய நிறுவனத்திடம் இருக்கலாம். இந்தப் பெட்டியிலும் இருக்கலாம். எது என்று கண்டறிய, சுவிட்ச் என்ன செய்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாய்க்காலும் மடையும்

குமரி மாவட்ட மாணவர்களுக்கு இதை விளக்க நல்ல உவமை ஊரிலேயே உண்டு. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையை உள்ளடக்கிய கோதையாறு பாசனத்தின் நீர், தோவாளைச் சானல், அனந்தனாறு சானல் போன்றவற்றில் பிரிந்து குளத்துக்கும் வயலுக்கும் போகிறது. மடை இல்லாத வாய்க்காலில் தலைமடைக்காரர் எடுத்தது போக மிஞ்சியதுதான் கடைமடைக்கு. மடை இருந்தால் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று முறை வைத்து விடலாம். சாதாரண சுவிட்ச் மடை இல்லாத வாய்க்கால் போன்றது. மேலாண்மை வசதியுள்ள சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு மடை உண்டு.

உவமை ஓர் இடத்தில் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீர் பள்ளம் நோக்கி ஓடும். தகவலோ முகவரி பார்த்துச் செல்லும். ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள 'மேக்' முகவரி உண்டு. எந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதைச் சுவிட்ச் தானே கற்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது.

கிகாபிட் என்றால் எவ்வளவு?

ஒரு கிகாபிட் என்பது நொடிக்கு 1000 மெகாபிட். சாதாரணச் செம்புக் கேபிளில் 100 மீட்டர் வரை இந்த வேகத்தைத் தரும் தரநிலை 1999இல் வந்தது. ஆய்வகச் சர்வரிலிருந்து 20 கணினிகள் தலா 500 மெகாபைட் பாடக் காணொலியை இறக்குவதாகக் கொள்வோம். மொத்தம் 10,000 மெகாபைட். அதாவது 80,000 மெகாபிட். 100 மெகாபிட் சுவிட்சில் இதற்குக் குறைந்தது 800 நொடி, 13 நிமிடத்துக்கும் மேல். கிகாபிட் சுவிட்சில் 80 நொடி. நடைமுறையில் இரண்டுமே சற்றுக் கூடும். பாடவேளை 40 நிமிடம் என்றால் இந்த வேறுபாடு பெரிது.

ஆனால் கிகாபிட் சுவிட்ச் வாங்கியதால் வெளி இணையத்தின் வேகம் கூடாது. அது வரும் இணைப்பைப் பொறுத்தது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுசெல்லும் பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டுள்ளது. வெளிவேகம் கூடக்கூட, பள்ளிக்குள் இருக்கும் பழைய சுவிட்ச்தான் தடையாக நிற்கும்.

மேலாண்மை வசதிகள் ஐந்து

1. பிரித்து வைத்தல்: 'வி-லேன்' என்னும் வசதி ஒரே சுவிட்சைப் பல தனிச் சுவிட்சுகள்போல் இயங்கச் செய்கிறது. மாணவர் கணினிகள் ஒரு பிரிவு, அலுவலகம் ஒரு பிரிவு, கேமரா ஒரு பிரிவு. மாணவர் கணினி ஒன்றில் நச்சுநிரல் புகுந்தாலும், மதிப்பெண்ணும் மாற்றுச்சான்றிதழும் உள்ள அலுவலகக் கணினியை அது எளிதில் எட்டாது. பிரிவுகளுக்கிடையே எது போகலாம் என்ற விதியை ரூட்டரில் எழுதிவிட வேண்டும்.

2. முன்னுரிமை: தகவல்களை எட்டு நிலைகளாக வரிசைப்படுத்தலாம். நெரிசல் வரும்போது தேர்வுக் கணினிக்கு முதலிடம், மென்பொருள் புதுப்பிப்புக்குக் கடைசி இடம். போர்ட்டுக்கு வேக வரம்பும் வைக்கலாம்.

3. வளையத் தடுப்பு: ஒரே கேபிளின் இரு முனைகளையும் யாரோ தெரியாமல் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால் வளையம் உண்டாகும். 'அனைவருக்கும்' என்று அனுப்பப்படும் தகவல் அதில் ஓயாமல் சுற்றிப் பெருகும். சில நொடிகளில் முழு நெட்வொர்க்கும் முடங்கும். இதைக் கண்டு ஒரு வழியை மட்டும் அடைக்கும் முறையை 1985இல் வடிவமைத்தவர் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண் பொறியாளர். மாணவிகளிடம் சொல்ல வேண்டிய பெயர் இது.

4. கேபிள் வழி மின்சாரம்: 'பி.ஓ.இ.' வசதி இருந்தால் கேமராவுக்கும் வை-ஃபை கருவிக்கும் தனி மின்இணைப்பு தேவையில்லை. அடிப்படைத் தரநிலையில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை. எட்டுப் போர்ட்டுக்கு 123.2 வாட் ஆகும். சுவிட்சின் மொத்தத் திறன் 60 வாட் என்றால் எட்டிலும் முழு அளவு கிடைக்காது.

5. கண்காணிப்பு: எந்தப் போர்ட்டில் எவ்வளவு தகவல் போகிறது, எந்தக் கேபிளில் பிழை வருகிறது என்பதைத் திரையில் பார்க்கலாம். பயன்படாத போர்ட்டை மூடியும் வைக்கலாம்.

இடியும் மின்னலும்

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. இரண்டு கட்டடங்களுக்கிடையே செம்புக் கேபிள் வெளியில் ஓடினால், மின்னலின் மின்னெழுச்சி அதன் வழியே வந்து இருபுறக் கருவிகளையும் கெடுக்கலாம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே கட்டடங்களுக்கிடையே இழைக் கேபிளும், அதைச் செருகும் போர்ட் உள்ள சுவிட்சும் நல்லது. சரியான நில இணைப்பும் யு.பி.எஸ்.ஸும் எப்போதும் தேவை.

தலைமையாசிரியர் கேட்க வேண்டியவை

சுவிட்ச் பொருத்த வருபவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல் மாற்றப்பட்டதா? புதிய கடவுச்சொல் பள்ளியின் பாதுகாப்பில் இருக்கிறதா? வளையத் தடுப்பு இயக்கத்தில் உள்ளதா? அமைப்பின் நகல் சேமிக்கப்பட்டதா? எந்தப் போர்ட் எந்த அறைக்குப் போகிறது என்ற அட்டவணை ஒன்று பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கட்டும். பொருத்தியவர் வேறு ஊருக்குப் போய்விட்டாலும் பள்ளியின் வேலை நிற்கக் கூடாது. மடை இருந்தும் திறக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் பயனில்லை. ஐந்தாறு கருவிகள் மட்டுமே உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சாதாரணச் சுவிட்சே போதும்.

வகுப்பறைச் செயல்பாடு

பன்னிரண்டாம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் பாடம் நடத்துவோர் இதைச் செய்து பார்க்கலாம். நடுவணை ஆசிரியர் ஏற்க, மூன்று மாணவர்கள் சுவிட்சுகளாக முக்கோண வடிவில் நிற்கட்டும். ஒருவரிடம் 'அனைவருக்கும்' என்று எழுதிய சீட்டைக் கொடுங்கள். சீட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அதைத் தவிர மற்றப் பக்கத்துக்கு நகல் அனுப்ப வேண்டும் என்பதே விதி. சீட்டு நிற்காமல் சுற்றுவதை வகுப்பு பார்க்கும். பிறகு இருவருக்கிடையே உள்ள வழியை மட்டும் அடைத்துவிடுங்கள். எல்லோருக்கும் சீட்டு ஒருமுறை சேர்ந்து, சுற்றுவதும் நின்றுவிடும். வழியை அடைத்த பிறகும் எல்லோருக்கும் சீட்டு எப்படிச் சேர்ந்தது என்று மாணவர்களையே கேளுங்கள். விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.