சமாரியா மலைப்பிளவில் ஒரு நடை

காட்டுக்குள் போகிறவர்களிடம் நுழைவுச் சீட்டு வாங்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம். அந்தச் சீட்டை வெளியே வரும்போதும் கேட்டு வாங்குகிற இடம் ஒன்று உண்டு. கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலுள்ள சமாரியா மலைப்பிளவுதான் அது. நேயர்களே, ஏன் கேட்கிறார்கள் என்பதை அவ்வழியே நடந்து பார்ப்போம்.

இது 1962ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா, நம் தாமான் நெகாராவைப் போல. நடை தொடங்கும் சீலோஸ்காலோ, கடல் மட்டத்திற்கு மேல் 1,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. முடியும் இடமோ கடற்கரை. இடையே 16 கிலோமீட்டர். பழைய கணக்கில் பத்துக் கட்டை. ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். இறக்கம்தானே என்று எண்ணிவிடக் கூடாது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் முழங்கால் நோகும்.

பாதி வழியில் சமாரியா என்னும் ஊர் வருகிறது. கல் வீடுகள் நிற்கின்றன, குடியிருப்பவர்கள் இல்லை. பூங்கா அமைந்தபோது ஊர்மக்கள் வெளியேறிவிட்டனர். கிரி-கிரி என்னும் காட்டாடுகளுக்கு இடம் கிடைத்தது. மனிதர்களுக்கு இடம் போயிற்று. தலைமுறையாக வாழ்ந்த இடத்தை விட்டுப் புறப்படுவது எப்படியிருக்கும் என்று தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்பால் பாறைகள் நெருங்கி வருகின்றன. 'இரும்புக் கதவு' என்னுமிடத்தில் அகலம் மூன்று, நான்கு மீட்டர்தான். இருவர் கைகோத்துக் கைகளை விரித்தால் ஏறக்குறைய இருபுறமும் தொட்டுவிடலாம். உயரமோ சுமார் 300 மீட்டர். நன்கு வளர்ந்த செம்பனை மரங்கள் பதினைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மேலே எட்டும்.

இந்தப் பாறையை அறுத்தது காலடியில் ஓடும் சிற்றோடை. கோடையில் கல்லுக்குக் கல் தாவிக் கடந்துவிடலாம். ஆனால் மேலே மலையில் மழை கொட்டினால், அத்தனை நீரும் இந்த இடுக்கு வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். நமக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வரலாம். ஏறித் தப்பப் பக்கவழியும் இல்லை. ஆகவே மே முதல் அக்டோபர் வரைதான் பூங்கா திறந்திருக்கும். அப்போதும் மழை நாளில் வாயிலை அடைத்துவிடுவார்கள்.

சீட்டைத் திரும்ப வாங்குவதும் இதற்காகவே. உள்ளே போனவர் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா, யாரேனும் கால் பிசகி வழியில் கிடக்கிறார்களா என்று காவலர்கள் அறிந்துகொள்ள வேண்டும். சீட்டைக் கொடுத்துவிட்டு மேலும் சிறிது தூரம் நடந்தால் ஆயா ரூமேலி என்னும் கடற்கரைச் சிற்றூர். அங்கிருந்து வெளியேறக் கார் சாலை கிடையாது. மாலைப் படகுக்காக எல்லாரும் காலணியைக் கழற்றிவிட்டு, கடல்நீரில் கால் நனைத்தபடி காத்திருக்கிறார்கள்.