கடமானின் மூக்கை ஏமாற்ற முடியுமா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் பெருமாட்டி என்றொரு ஊராட்சி இருக்கிறது. தண்ணீருக்காக நடந்த போராட்டத்தால் பிளாச்சிமடை என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; அது இந்த ஊராட்சியில்தான் உள்ளது. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர். பனைக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதி மலை தெரியும். அதற்கும் அப்பால் பரம்பிக்குளம் காடு.

இந்தப் பக்கத்தில் எரவாளர் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பிளாச்சிமடைத் தண்ணீருக்காகப் போராடிய மயிலம்மா இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர். பாலக்காட்டில் பிறந்த மானிடவியல் அறிஞர் அனந்தகிருஷ்ண ஐயர், கொச்சி அரசின் மக்களைப் பற்றி 1909-இல் வெளியிட்ட நூலில், எரவாளருக்கு ‘வில்லு வேடர்’ என்ற பெயரும் உண்டு என்று எழுதியிருக்கிறார். இன்று அவர்களில் பலர் வயலிலும் தோப்பிலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள், வேட்டைக்குப் போவதில்லை. ஆனாலும் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். துப்பாக்கி இல்லாமல் வில்லை மட்டும் நம்பி மலையேறிய மனிதருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? பள்ளிக்கூடத்து இயற்பியல் புத்தகத்தில் பாதியாவது தெரிந்திருக்க வேண்டும்!

எதிரே நிற்பது யார் என்று முதலில் பார்த்துவிடலாம். கடமான். தென்மாவட்டங்களில் மிளா என்பார்கள். இந்திய மான்களிலேயே பெரியது. வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். சில 300 கிலோவையும் எட்டும். வெள்ளைக்காரத் துரைகளுக்கு இதன் உருவத்தைப் பார்த்ததும் தங்கள் பக்கத்து ‘எல்க்’ நினைவுக்கு வந்துவிட்டது. அப்படியே கூப்பிட்டார்கள். ஊட்டியில் முருகன் கோயில் இருக்கிறதே, அந்த எல்க் ஹில்லுக்குப் பெயர் வந்த கதை இதுதான். வட அமெரிக்காவில் இன்று எல்க் என்று சொல்வது வாப்பிட்டி என்ற இன்னொரு பெரிய மானை. ராக்கி மலைகளில் செப்டம்பர் மாதம் நண்பர்கள் கூட்டமாக வில்லோடு அதைத் தேடிப் போகிறார்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. வில்லை வளைக்கும்போது உங்கள் கையின் உழைப்பு அதன் வளைந்த தண்டில் மீட்சி ஆற்றலாகச் சேர்கிறது. நாணை விட்டதும் அந்த ஆற்றலில் பெரும்பகுதி அம்புக்குப் போய்விடும். நல்ல வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நொடிக்கு 50 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 180 கிலோமீட்டர்! மான் 30 மீட்டர் தூரத்தில் நிற்கிறது. அம்பு போய்ச் சேர 0.6 நொடி ஆகும்.

அந்த 0.6 நொடியில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, புவியீர்ப்பு அம்பைக் கீழே இழுக்கிறது. நேர் கிடையாக விட்டிருந்தால் அம்பு ஒன்றே முக்கால் மீட்டர் தாழ்ந்திருக்கும், அதாவது மானின் காலடி மண்ணில் குத்தும். அதனால் வில்லாளி கொஞ்சம் மேலே குறி வைக்க வேண்டும். எவ்வளவு மேலே என்பது தூரத்தைப் பொறுத்தது. தூரத்தைக் கண்ணாலேயே அளக்க வேண்டும்.

இரண்டாவது இன்னும் சுவையானது. நாண் விடுபடும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும் அல்லவா? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகும். முப்பது மீட்டரைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆக, அம்பு வந்து சேர்வதற்கு அரை நொடிக்கு முன்பே ‘அம்பு வருகிறது’ என்ற சேதி மானுக்குக் கிடைத்துவிடுகிறது! சத்தம் கேட்டதும் மான் ஓடுவதற்காகக் கால்களை மடக்கிப் பதுங்கும். உடம்பு தாழ்ந்ததும் அம்பு முதுகுக்கு மேலே பறந்துபோகும். துப்பாக்கிக் குண்டு பெரும்பாலும் ஒலியை முந்திக்கொண்டு போகும். அதனிடம் மானுக்கு இந்த வாய்ப்பே இல்லை. எனக்கு வில்தான் நியாயமான ஆயுதமாகப் படுகிறது. மான் என்ன சொல்லுமோ!

ஆகவே இன்னும் நெருங்கிப் போக வேண்டும். அங்கேதான் மூக்கு வருகிறது. கடமானின் மூக்கு நுனி எப்போதும் ஈரமாக இருக்கும். காற்றில் வரும் வாசனைத் துகள்கள் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நம்மைவிடப் பல மடங்கு நுட்பமான மோப்பம். நம் வியர்வை வாடை காற்றோடு அதன் பக்கம் போய்விட்டால் போதும், கதை முடிந்தது. முன்னங்காலைத் தரையில் உதைத்து, வாலை உயர்த்தி, காடு அதிர ஒரு கத்து கத்தும். அதன்பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு பிராணியும் இருக்காது.

அதனால் வேட்டைக்காரர் காற்றுக்கு எதிரே நடப்பார். மலையில் இது லேசான காரியமில்லை. வெயில் ஏறினால் சரிவு சூடாகி, காற்று லேசாகி மேலே ஏறும். பொழுது சாய்ந்தால் குளிர்ந்த காற்று கனத்து, பள்ளத்தை நோக்கி வழியும். காலையில் சரியாக இருந்த வழி மத்தியானம் தப்பாகிவிடும். பெருமாட்டிப் பிள்ளைகளுக்கு இன்னொரு காற்றும் பழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, தென்மேற்குப் பருவக்காலத்தில் மேல்காற்றும் மார்கழி வாக்கில் கீழ்காற்றும் அடித்துக்கொண்டே இருக்கும்.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். வீட்டுப் பக்கத்தில் குன்றோ கரட்டுச் சரிவோ இருந்தால், காற்று அதிகம் இல்லாத நாளில் பெரியவர் ஒருவரோடு போய் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள். விடிகாலை, நடுப்பகல், இருட்டும் நேரம் என்று மூன்று முறை புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நோட்டில் குறியுங்கள்.

நிறம் பார்ப்பதில் மட்டும் மான் நம்மைவிடக் கொஞ்சம் பின்தங்கியது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் முதுகுப்புறம்வரை தெரியும், இருட்டிலும் நன்றாகத் தெரியும். ஆனால் நிறங்களை அறியும் கூம்புச் செல்கள் நமக்கு மூன்று வகை, மானுக்கு இரண்டே வகை. சிவப்பும் ஆரஞ்சும் அதற்குப் பச்சையிலிருந்து பிரிந்து தெரியாது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் பலர் பளீரென்ற ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொள்வது இதனால்தான். கூட வந்த நண்பர் கண்ணில் தவறாமல் படும், மானுக்கோ மங்கலாகத்தான் தெரியும். புலியும் இதே சட்டையைத்தான் போட்டிருக்கிறது!

நண்பர்களோடு வேட்டையாடுவது மனிதரின் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். பரம்பிக்குளத்துச் செந்நாய்களைக் கேட்டால் சிரிக்கும். ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குள்தான் இருக்கும். ஆனால் விசிலடித்துச் சேதி சொல்லி, கூட்டமாகச் சேர்ந்து, தங்களைப்போலப் பத்து மடங்கு எடையுள்ள கடமானையே மடக்கிவிடும். கடமானுக்கும் ஒரு தந்திரம் தெரியும். நீரில் இறங்கி நின்றுகொள்ளும். அதன் நீண்ட கால்கள் தரையில் ஊன்றும், செந்நாய்க்கு நீந்தத்தான் முடியும். நீந்தி வருகிறவனை முன்னங்காலால் உதைப்பது எளிது.

அமெரிக்காவில் அனுமதிச் சீட்டு வாங்கி எல்க் வேட்டையாடலாம், இங்கே ஏன் கூடாது என்று கேட்பீர்கள். அங்கே பல மலைகளில் ஓநாய்களை முன்பே கொன்று தீர்த்துவிட்டதால் எல்க்கைக் குறைக்க ஆளில்லாமல் போனது. யெல்லோஸ்டோன் பூங்காவில் 1920-களிலேயே ஓநாய் அற்றுப்போய், எல்க் மான் பெருகி, இளஞ்செடிகளை எல்லாம் மேய்ந்து தீர்த்தது. 1995-இல்தான் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். நம் காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றுக்குமே கடமான் முக்கிய உணவு. மனிதரும் பங்குக்கு வந்தால் பந்தி போதாது. உலக அளவில் கடமான் இப்போது அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் வேறு இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே கடமானை வேட்டையாடுவது குற்றம். வில்லாக இருந்தாலும் குற்றம்தான்.

பார்க்கத் தடையில்லை. பரம்பிக்குளம் கேரளக் காடு என்றாலும் சாலை வழி பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டு வழியாகத்தான் போகிறது. அங்கே வழியில் கடமான் கொம்பு கிடந்தால் அழகாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். ஆண் கடமான் அந்தக் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். மாட்டுக்கொம்பு போலன்றி அது முழுக்க எலும்பு. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துக்காக முள்ளம்பன்றி வந்து கொறித்துத் தின்னும். உதிர்ந்த கொம்பானாலும் காட்டிலிருந்து எடுத்து வருவது சட்டப்படி குற்றம். படம் எடுத்துக்கொண்டு, கொம்பை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.