டாக்சி டிரைவருக்கு 'நன்னடத்தை' பார்ப்பது யார்? லைசென்சு மட்டும் போதுமா?

குன்னத்தூர்,

திருப்பூர் மாவட்டம் குன்னத்தூர், ஊத்துக்குளி வட்டாரத்தில் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு போகும் பெண்கள் பலர் நைட் ஷிப்டு முடிந்து வேனிலும், வாடகை காரிலும்தான் வீடு திரும்புகிறார்கள். வண்டியை ஓட்டுகிறவர் எப்படிப்பட்ட ஆள் என்று யார் பார்க்கிறார்கள்?

கார் லைசென்சு வாங்க போலீஸ் நன்னடத்தை சான்று கேட்பதில்லை. ஆனால் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டம் 19-வது பிரிவில் ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு அதிகாரம் இருக்கிறது. தொடர்ந்து குற்றம் செய்பவர், எப்போதும் குடித்துக்கொண்டே இருப்பவர், போதை பொருளுக்கு அடிமையானவர், குற்றம் செய்ய வண்டியை பயன்படுத்தியவர், பொய் தகவல் கொடுத்து லைசென்சு வாங்கியவர் ஆகியோரின் லைசென்சை ரத்து செய்யலாம்.

அதற்காக எடுத்த எடுப்பில் பிடுங்கி விட முடியாது. டிரைவர் தரப்பு விளக்கத்தையும் கேட்க வேண்டும். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம்.

பேட்ஜ் போனது

முன்பு வாடகை வண்டி ஓட்ட தனியாக பேட்ஜ் வாங்க வேண்டும். 7 ஆயிரத்து 500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டிக்கு கார் லைசென்சே போதும் என்று 2017 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. அதன்படி நடக்க 2018 ஏப்ரலில் மத்திய அரசு மாநிலங்களுக்கு கடிதம் எழுதியது. 2024 நவம்பரில் 5 நீதிபதிகள் பெஞ்சும் இதை உறுதி செய்தது.

ஏழை டிரைவர்களுக்கு அலைச்சல் மிச்சம். அதே நேரம் ஆளை விசாரிக்கும் பொறுப்பு வேலைக்கு வைப்பவர் தலையில் விழுந்து விட்டது.

டெல்லி பாடம்

2014 டிசம்பரில் டெல்லியில் உபேர் காரில் சென்ற இளம்பெண் கற்பழிக்கப்பட்டார். அந்த டிரைவர் ஏற்கனவே கற்பழிப்பு வழக்கில் கைதானவர். அவர் காட்டிய போலீஸ் நன்னடத்தை சான்று போலி என்பது பிறகுதான் தெரிந்தது. 2015-ல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஆப் மூலம் கார் அனுப்பும் கம்பெனிகளுக்கு மத்திய அரசு 2020 நவம்பரில் விதிமுறை கொண்டு வந்தது. குடித்துவிட்டு ஓட்டியது, மோசடி, திருட்டு, பாலியல் குற்றம் போன்றவற்றில் கடந்த 7 ஆண்டுக்குள் தண்டனை பெற்றவரை சேர்க்க கூடாது என்று அதில் கூறப்பட்டது. 2025 ஜூலையில் வந்த புதிய விதிமுறையிலும் போலீஸ் விசாரணை கட்டாயம். ஆனால் இது ஆப் கம்பெனிகளுக்குத்தான். ஸ்டாண்டு டாக்சிக்கும், கம்பெனி வேனுக்கும் பொருந்தாது.

என்ன செய்யலாம்?

தமிழக காவல்துறை இணையதளத்தில் போலீஸ் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். டிரைவரே தன்னை பற்றி வாங்கி வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு வைக்கும் முதலாளியும் கேட்கலாம். டிரைவர் கொண்டு வரும் ஜெராக்சை மட்டும் நம்பாமல் சான்று உண்மைதானா என்று சரி பார்க்க வேண்டும். டெல்லியில் கோட்டை விட்டது அங்கேதான்.

ஒன்றை மறக்க கூடாது. வழக்கு நிலுவையில் இருப்பது வேறு, தண்டனை பெற்றது வேறு. கோர்ட்டு விடுவித்த பிறகும் பழைய வழக்கை சொல்லி ஒருவர் பிழைப்பை கெடுப்பது நியாயமல்ல. அதே போல, ராத்திரி நேரத்தில் தனியாக வண்டி ஏறும் பெண்ணின் பயமும் நியாயமானதே.