திரும்பி வந்தாலும் யாத்திரைதான்

பெரிய காஞ்சிபுரத்தில் தறிச்சத்தம் கேட்கும் பிள்ளையார்பாளையத்தைத் தாண்டினால் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. கருவறையைச் சுற்றும் குறுகிய வழிக்குள் உடம்பைக் குறுக்கித் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். சுற்றி வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. திபெத்தில் இருக்கும் கைலாய மலையைச் சுற்றுகிறவர்களோ, டோல்மா கணவாயைக் கடக்கும்போது மறுபிறப்பு எடுப்பதாகச் சொல்கிறார்கள். இங்கே சில நிமிடங்களில் முடிகிற பிரதட்சிணம் அங்கே சுமார் 52 கிலோமீட்டர், மூன்று நாள் நடை. கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயராத காஞ்சியிலிருந்து போகிறவர், 5,630 மீட்டர் உயரக் கணவாயை ஏறிக் கடக்க வேண்டும்.

ஐம்பது பேர் குழு

2020இல் நின்றுபோன இந்திய அரசின் கைலாய மானசரோவர் யாத்திரை, 2025 ஜூனில் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டு லிபுலேக் கணவாய் வழியாக 5 குழு, நாதுலா கணவாய் வழியாக 10 குழு, குழுவுக்கு 50 பேர் என்று ஏற்பாடு. குலுக்கலில் பெயர் வந்தால் மட்டும் போதாது. டெல்லியில் மருத்துவப் பரிசோதனையிலும் தேற வேண்டும். லிபுலேக் வழியில் போகிறவர்களுக்கு குஞ்சியில் மறுபடியும் சோதனை. அங்கே தேறாதவர் அதோடு திரும்ப வேண்டியதுதான்.

தனியார் ஏற்பாட்டில் நேபாளம் வழியாகவும் பலர் போகிறார்கள். சமவெளியிலுள்ள நேபாள்கஞ்சிலிருந்து விமானத்தில் சிமிகோட், அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஹில்சா. கால் வலிக்காமல் 3,600 மீட்டருக்கு மேல் போய் இறங்கிவிடலாம். ஆனால் அந்த உயரத்துக்குப் பழக உடம்புக்கு அவகாசம் கிடைப்பதில்லை. 3,000 மீட்டரைத் தாண்டினால் இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம்.

தலைவலியை மறைக்காதீர்கள்

பிரதட்சிணத்தின் முதல் நாள் யமதுவாரத்திலிருந்து திராபுக் வரை பெரும்பாலும் ஆற்றோர நடை. சோதனை இரண்டாம் நாள்தான். விடியுமுன் கிளம்பி, பாறைகளுக்கிடையே செங்குத்தாக ஏற வேண்டும். கணவாயில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, ஊரில் கிடைப்பதில் பாதிதான். பத்தடிக்கு ஒருமுறை நிற்க வேண்டிவரும். கடந்த பிறகும் கௌரி குண்டத்தைப் பார்த்தபடி முழங்காலைப் பதம்பார்க்கும் இறக்கம், அதன்பின் சுதுல்புக் வரை நீண்ட நடை.

தினமும் ஓடிப் பழகிய இளைஞர் என்பதற்காக உயர்மலை நோய் ஒதுங்கிப் போவதில்லை. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று அது தொடங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, நடை தள்ளாடினாலோ உயிருக்கே ஆபத்து. உடனே கீழே இறக்க வேண்டும். மாத்திரையும் ஆக்சிஜன் சிலிண்டரும் அதற்கு ஈடாகா.

இங்கேதான் குழு உதவவும் செய்கிறது, கெடுக்கவும் செய்கிறது. பக்கத்தில் வருகிறவரின் தள்ளாட்டம் அவருக்கு முன்பே நம் கண்ணில் படும். அதேசமயம், ‘இவ்வளவு செலவு செய்து வந்தாயிற்று, நம்மால் மற்றவர்களுக்குத் தாமதமாகக் கூடாது’ என்று வலியை விழுங்கிக்கொண்டு நடக்கிறவர்களும் குழுவில்தான் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு அப்பர் கதையை நினைவூட்டலாம். கைலாயத்துக்கு நடந்து, தவழ்ந்து, உருண்டு, உடம்பு தேய்ந்த திருநாவுக்கரசரை இறைவனே திருப்பி அனுப்பினார் என்கிறது பெரியபுராணம். அவருக்குக் கைலாயக் காட்சி கிடைத்தது திருவையாற்றில். ஆடி அமாவாசையன்று அதை இன்றும் விழாவாகக் கொண்டாடுகிறோம். பாதியில் திரும்பியவரைக் குறைசொல்ல நம் மரபில் இடமில்லை.

ஆகவே முன்பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உயரத்துக்குப் பழக எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள்? ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு கீழே இறங்குகிறவர் யார்? திரும்புங்கள் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், அந்தக் குழுவில் சேராதீர்கள்.