கன்றுக்குட்டியில் தொடங்கிய கிளப்

பிரிட்டன்: விவசாயம் கற்றுத்தர வந்த இளைஞர் சங்கங்கள் இன்று கிராமத்தின் தனிமையோடு மல்லுக்கட்டுகின்றன

நான்கு மாடுகள் வரிசையாக நிற்கின்றன. ஏ, பி, எக்ஸ், ஒய் என்று அவற்றுக்கு அடையாளம். வெள்ளை கோட் அணிந்த பள்ளி மாணவி ஒருத்தி சுற்றிவந்து முதுகு, கால், மடி என்று ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்து, எது முதல், எது கடைசி என்று முடிவு செய்கிறாள். அத்துடன் வேலை முடிந்துவிடாது. அப்படி வரிசைப்படுத்தியதற்கான காரணங்களை நடுவரின் முகம் பார்த்து, குறித்த நேரத்துக்குள் கோர்வையாகச் சொல்ல வேண்டும். மாட்டைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது, பேசவும் தெரிய வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இளம் விவசாயிகள் கிளப்புகளின் போட்டிகளில் இது வழக்கமான காட்சி. முதல் கிளப் 1921இல் டெவன் பகுதியின் ஹெம்யாக் கிராமத்தில், யுனைடெட் டைரீஸ் என்ற பால் நிறுவனத்தின் முயற்சியால் பிறந்தது. உள்ளூர் விவசாயிகளின் பிள்ளைகளிடம் கன்றுகளைக் கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். அமெரிக்காவின் சோளக் கிளப்புகள் ஏற்கெனவே பரீட்சித்த உத்திதான்: புது முறை எதையும் அப்பா ஏற்கமாட்டார், பிள்ளை செய்து காட்டினால் ஒருவேளை திரும்பிப் பார்ப்பார். 1932இல் தேசிய சம்மேளனம் உருவானது. இன்று 500க்கு மேற்பட்ட கிளப்புகள், 20,000க்கு மேற்பட்ட உறுப்பினர்கள். வயது 10 முதல் 28 வரை. பண்ணைக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனால் கன்று வளர்க்கக் கற்றுக்கொள்ள இப்போது விவசாயக் கல்லூரிகள் இருக்கின்றன. பின் ஏன் கிளப்? பிரிட்டிஷ் பண்ணையின் இன்றைய அமைப்பில் இருக்கிறது பதில். பல கூலியாட்கள் சேர்ந்து செய்த வேலையை இன்று ஒரே ஆள் டிராக்டரில் உட்கார்ந்து முடிக்கிறார். நாள் முழுக்க அவர் யாரோடும் பேசாமல் இருக்க முடியும். கிராமத்துக் கடையும் மதுக்கூடமும் பஸ்ஸும் பல இடங்களில் காணாமல் போய்விட்டன. வாரத்தில் ஒரு மாலை கிளப்புக்குப் போவதுதான் அந்த இளைஞன் சக வயதினரைப் பார்க்கும் நேரம். நாடகம், பேச்சுப் போட்டி, கயிறு இழுத்தல், ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தல் என்று ஏதோ ஒரு சாக்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாமே உறுப்பினர்கள்தான். கணக்குப் பார்ப்பதையும் கூட்டம் நடத்துவதையும் அங்கேதான் பழகுகிறார்கள். கல்யாணத் தரகர் வேலையையும் கிளப் சேர்த்தே பார்க்கிறது என்பது அந்த ஊர்களில் பழைய கிண்டல். முழுப் பொய்யும் அல்ல.

இந்தச் சந்திப்பு எத்தனை அவசியம் என்பது அது நின்றபோது புரிந்தது. 2001 பிப்ரவரியில் கோமாரி நோய் தாக்கியது. 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. சந்தைகள் மூடப்பட்டன, கண்காட்சிகள் ரத்தாயின, பொதுத் தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனது. நோயைச் செருப்பிலும் டயரிலும் சுமந்துவிடுவோமோ என்ற பயத்தில் பண்ணைக் குடும்பங்கள் வாசலைத் தாண்டவில்லை. கிளப் கூட்டங்கள் நின்றன. அதிகம் பாதிக்கப்பட்ட கம்ப்ரியாவில், தாங்கள் வளர்த்த மாடுகள் சிதையில் எரிவதைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். அதைப் பேசி ஆற்றிக்கொள்ள நண்பர்கள் பக்கத்தில் இல்லை.

மனச்சோர்வைப் பற்றி வாய்திறப்பது விவசாயிகளுக்கு வழக்கமில்லை. தற்கொலை அபாயம் அதிகமுள்ள தொழில்களில் ஒன்று விவசாயம் என்பது தெரிந்தும் மௌனம் நீடித்தது. கிராமப்புறத் தனிமையையும் மனநலத்தையும் பற்றிப் பேசுவதற்காகவே சம்மேளனம் 2014இல் 'ரூரல் பிளஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அறிவுரை சொல்ல வரும் அதிகாரியைவிட, பக்கத்துப் பண்ணைப் பையன் "என்னடா, எப்படி இருக்கே?" என்று கேட்பது எடுபடும் என்ற கணக்கு சரியானதே.

எல்லாம் புனிதம் என்று நினைக்க வேண்டாம். கிளப்புகளின் குடியும் கூத்தும் பிரசித்தம். 2018இல் பிளாக்பூல் நகரில் நடந்த வருடாந்திர மாநாட்டில் சிலர் அடித்த கொட்டத்துக்குப் பிறகு, சம்மேளனம் அந்த மாநாட்டையே கைவிட்டது. ஒழுங்கை எதிர்பார்த்துப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கு அது சங்கடமான செய்தி.

கிளப்பால் தீர்க்க முடியாதது நிலப் பிரச்சினை. இங்கிலாந்தில் பண்ணை உரிமையாளர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். சொந்த நிலம் இல்லாத இளைஞர்களுக்குக் குத்தகைக்குத் தர உள்ளாட்சிகள் வைத்திருந்த பண்ணை நிலத்தில் சுமார் பாதி 1970களின் பிற்பகுதிக்குப் பின் கைமாறிவிட்டது. 28 வயதில் கிளப்பை விட்டு வெளியேறும் உறுப்பினர்களில், அப்பா பெயரில் நிலம் இல்லாதவர்கள் தீவனம் விற்கவோ, இன்னொருவர் பண்ணையில் டிராக்டர் ஓட்டவோ போகிறார்கள்.