மலையோரப் பிள்ளைகளின் தட்டும் விளையாட்டும்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிந்தும் விடியாத நேரத்தில் அந்த வளைவுகளில் ஜீப்புகள் வரிசையாக ஏறும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி, கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். அவர்கள் கிளம்பும்போது வீட்டில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். “பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை” என்று சொல்லும் தாயை நாம் கடிந்துகொள்ளும் முன், இந்த நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தாய் இல்லாத பகல்

பகல் முழுதும் பிள்ளை அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ இருக்கிறது. வயதானவர்களால் அதன் பின்னே ஓட முடியாது. அழுதால் அஞ்சு ரூபாய் பாக்கெட். அடம்பிடித்தால் கையில் செல்போன். இரவு அசதியோடு வரும் தாயும், நாளெல்லாம் பிரிந்திருந்த மனக்குறை தீர ஏதாவது தின்பண்டம் வாங்கி வருகிறாள். இதில் அன்புக்குக் குறைவே இல்லை. ஆனால் உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் நாக்கில் முதலில் பதிந்துவிட்டால், கீரையும் பருப்பும் பிள்ளைக்குச் சப்பென்று தோன்றும்.

கட்டன் சாயா

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் இன்னொரு பழக்கம் உண்டு. பெரியவர்கள் குடிக்கும், பால் சேர்க்காத கட்டன் சாயாவைப் பிள்ளைக்கும் ஆற்றிக் கொடுப்பார்கள். குளிருக்கு இதமாக இருக்கும், பசியும் அடங்கும். அங்கேதான் கெடுதல். தேயிலையிலுள்ள டானின், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்துவைக்கும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இழப்பு அதிகம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 57 சதவீதம், கேரளத்தில் 39 சதவீதம். ரத்தசோகை உள்ள பிள்ளை சோர்ந்து உட்கார்ந்துவிடும்; ஓடாத பிள்ளைக்குப் பசியும் எடுக்காது. பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன் சாயா வேண்டவே வேண்டாம் என்பேன். குளிருக்குச் சுடுகஞ்சி போதும்.

பந்தியில் படியும் ருசி

இந்த வயதில் சொல்லிக் கொடுப்பதைவிடப் பார்த்துப் பழகுவதே அதிகம். அமெரிக்க உளவியலாளர் லியன் பர்ச் 1980-ல் வெளியிட்ட ஆய்வில், தனக்குப் பிடிக்காத காயைச் சக பிள்ளைகள் விரும்பி எடுப்பதைச் சில நாள் பார்த்த பிள்ளை, தானும் அதையே எடுக்கத் தொடங்கியது. புதிய உணவை ஒருமுறை துப்பினால் விட்டுவிடக் கூடாது. பத்துப் பதினைந்து தடவை வற்புறுத்தாமல் வைத்தால்தான் பல பிள்ளைகளுக்குப் பழகும்.

அதனால்தான் பால்வாடிப் பந்தியை நான் பெரிதாக மதிக்கிறேன். கேரள அங்கன்வாடிகளில் 2022-ல் தொடங்கிய ‘போஷக பால்யம்’ திட்டம் முட்டையும் பாலும் தருகிறது. 2025-ன் தொடக்கத்தில் ஒரு அங்கன்வாடிச் சிறுவன், உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று கேட்ட காணொளி பரவியது. அந்த ஆண்டு ஜூனில் அரசு முட்டை பிரியாணியைச் சேர்த்து, சர்க்கரையையும் உப்பையும் குறைத்துப் புதிய உணவுப் பட்டியலை வெளியிட்டது. ஒரு குழந்தையின் நாக்குக்கு அரசே செவிசாய்த்தது நல்ல காரியம்.

ஓட இடம் எங்கே?

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்திருக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. தூக்கம் 10 முதல் 13 மணி நேரம்.

மலைப் பிள்ளைக்கு ஓட்டம் தானாக வரும் என்று சமவெளிக்காரர்கள் நினைக்கிறார்கள். இங்கே வாசலைத் தாண்டினால் சரிவு, மழைக்காலத்தில் அட்டை, பகலிலேயே மூடும் மஞ்சு. அதற்கு மேல் யானை. சின்னக்கானலில் வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அது போனாலும் பயம் போகவில்லை. பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறைக்குள்ளேயே பாண்டி ஆடலாம், பாட்டுக்குக் குதிக்கலாம், தலையணையைத் தாண்டலாம். தண்ணீர்ச் செம்பைத் தூக்கி வரச் சொல்வதும் பிள்ளைக்கு விளையாட்டுதான்.

கேட்க வேண்டியது

வீட்டில் தாய் இரவு ஒருவேளையாவது பிள்ளையோடு ஒரே தட்டைச் சுற்றி உட்காரட்டும். என்ன சமைப்பது என்பது பெரியவர் முடிவு. எவ்வளவு தின்பது என்பது பிள்ளையின் முடிவு. வயிறு நிறைந்தபின் திணிக்க வேண்டாம். செல்போனைக் காட்டி ஊட்டுவதை இன்றே நிறுத்துங்கள்.

மற்றதைத் தாயால் மட்டும் செய்ய முடியாது. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது. ஆனால் சிறு ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் வந்துபோகும் பெண்களில் பலருக்கு அந்தப் பயன் எட்டுவதில்லை. தோட்ட முதலாளிகளும், எல்லையின் இரு பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்து, ஜீப் கிளம்பும் நேரத்திலேயே திறக்கும் காப்பகங்களையும், ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வேலியடைத்த ஒரு சமதள விளையாட்டிடத்தையும் தர வேண்டும்.